வண்டி நின்ற பிறகு மெக்கானிக்கைத் தேடாதீர்கள்!

டி. கல்லுப்பட்டி பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளோ எக்ஸெல் வண்டியோ நிற்காத சம்சாரி வீட்டைப் பார்ப்பது அரிது. விடியுமுன் பால் கேன் அதில்தான் போகிறது. உரமூட்டை, விதைப்பை, கைத்தெளிப்பான், புல்லுக்கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் அதில்தான். அந்த வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால் சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம் தவறிவிடும். மல்லிகை மொட்டு விரிந்துவிட்டால் மார்க்கெட்டில் விலை இறங்கிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் ஈரம் பார்த்து விதைக்கிற கரிசல் காட்டில் இரண்டு நாள் தாமதம்கூட முளைப்பைக் கெடுக்கும். பிரேக் சரியில்லாத வண்டியில் மூட்டை ஏற்றிப் போனால், உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் பயிர் பற்றிப் பேச வருகிற விவசாயிகள், எழுந்து போகும்போது, "சார், நம்பி வண்டியைக் கொடுக்கிற மாதிரி ஒரு மெக்கானிக் இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். அது இந்த ஊருக்கு மட்டும்தான் உதவும். ஆளை அடையாளம் காணும் வழி தெரிந்தால் பேரையூரிலும் திருமங்கலத்திலும் மதுரையிலும் உதவும்.

தேட வேண்டிய நேரம்

வண்டி நன்றாக ஓடும்போதே மெக்கானிக்கைத் தேட வேண்டும். நடுரோட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எந்தக் கடை முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துவார். சொன்ன தொகையைக் கொடுப்பார்.

புது ரகம் வந்தால் முதலில் கொஞ்ச இடத்தில்தானே போட்டுப் பார்க்கிறோம்? மெக்கானிக்குக்கும் அதுவே முறை. ஆயில் மாற்றுவது, செயின் டைட் வைப்பது, பிரேக் சரிபார்ப்பது போன்ற சின்ன வேலையை முதலில் கொடுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். கழற்றிய போல்ட், நட்டை ஒரு தட்டில் போட்டு வைக்கிறாரா, மண்ணில் போடுகிறாரா? வேலை முடிந்ததும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாரா? சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் அச்சு நட்டையும் பிரேக்கையும் இன்னொரு முறை பார்க்கிறாரா? சின்ன வேலையில் கவனமாக இருப்பவரிடம் பெரிய வேலையைத் தரலாம்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

இலை மஞ்சளாகிறது என்று சொன்ன உடனே மூன்று பாட்டில் மருந்தை எடுத்து வைக்கிற கடைக்காரரை நமக்குத் தெரியும். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து இலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வேர் அழுகினாலும் செடி மஞ்சளாகும். எந்த இலை, எத்தனை நாளாக, தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்காமல் மருந்து சொல்லக் கூடாது.

"வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பதும் அப்படிப்பட்ட புகார்தான். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பிளக் கெட்டிருக்கலாம். கிளட்ச் வழுக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கலாம். கரிசல் தூசியிலும் மக்காச்சோளம் அடிக்கிற களத்திலும் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். நல்ல மெக்கானிக் நம்மிடம் முதலில் கேட்பார்: காலையில் மட்டுமா, சூடான பிறகா? மூட்டை ஏற்றினால் மட்டுமா? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். இவ்வளவையும் பார்க்காமல் "என்ஜின் இறக்கணும்" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வண்டியை இன்னொருவரிடம் காட்டுங்கள்.

அடையாளம் காண நான்கு சோதனைகள்

ஒன்று, தொகை. வேலையைத் தொடங்கும் முன் கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிரித்த பிறகு வேறு பழுது தெரிந்தால், போன் செய்து கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

இரண்டு, பழைய பாகம். மாற்றிய சாமானை நம் கையில் தர வேண்டும். "பழசை எடுத்து வைங்க தம்பி" என்று முன்பே சொல்லிவிடுங்கள். நேர்மையான ஆள் கோபப்பட மாட்டார். தேய்மானம் எங்கே என்று விரலால் காட்டுவார்.

மூன்று, உறையும் பில்லும். புது சாமான் உறையோடு வந்ததா, விலை அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள்.

நான்கு, "இது என்னால ஆகாதுண்ணே, கம்பெனிக்கே கொண்டுபோங்க" என்று சொல்லும் மனம். இந்த ஒரு வார்த்தை சொல்பவரை விட்டுவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்பவர், தெரியும் என்று சொல்வதை நம்பலாம்.

அதிக சாமான் மாற்றச் சொன்னாலே ஏமாற்று என்று முடிவு கட்டவும் கூடாது. செயின் தேய்ந்தால் முன்பின் பல்சக்கரங்களையும் சேர்த்து செட்டாக மாற்றுவதே சரி. தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். நீங்களே சோதிக்கலாம்: பின்சக்கரத்தின் பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட் முடிந்துவிட்டது. டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் சக்கரத்து மூடியில் ஒரு சிறு முள் இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது முள் கடைசிக் கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ மாற்ற வேண்டும்.

ஆயிலைப் பார்த்து ஊற்றுங்கள்

கியர் வண்டிகளில் பெரும்பாலும் என்ஜினுக்கும் கிளட்ச் தட்டுகளுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தரம், எத்தனை மில்லி என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். டப்பாவை உங்கள் முன் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

பி.எஸ்.-6 வண்டிகள்

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, ஒரு ஸ்பேனரும் பிளக் சாவியும் இருந்தால் வரப்பிலேயே பாதிப் பழுதைப் பார்த்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், சென்சாரும் கணினிப் பெட்டியும் பெட்ரோலை அளந்து தெளிக்கின்றன. மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேனர் கருவியை மாட்டி என்ன கோளாறு என்று படிக்க வேண்டும்.

பழைய வண்டியில் கைதேர்ந்தவர்கூட இதில் புதியவராக இருக்கலாம். "இந்த மாடல் பார்த்திருக்கீங்களா, ஸ்கேனர் இருக்கா?" என்று கேட்பதில் தவறில்லை. ஒயரை வெட்டி நேரடியாக இணைப்பவரிடம் கொடுக்காதீர்கள். நாமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்க்குக்குள் இருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. அடி வற்ற ஓட்டினால் பம்ப் கெடும்.

கம்பெனி சர்வீஸா, ஊர்க் கடையா?

வாரண்டி முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கே போங்கள். இலவச சர்வீஸ்களைத் தேதி தவறாமல் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அன்றாட வேலைகளுக்கு நல்ல ஊர் மெக்கானிக் போதும். எங்கே கொடுத்தாலும் ஓடிய கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஆர்.சி.யை வண்டியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியது

காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதில் வாங்குகிறவருக்கும் பொறுப்பு உண்டு என்று வலியுறுத்தியவர். ஊர் மெக்கானிக் விஷயத்திலும் இது பொருந்தும். "மகசூல் வந்ததும் தர்றேன்" என்று ஆறு மாதம் கடன் வைத்தால், அவர் நல்ல சாமானை எந்தப் பணத்தில் வாங்கி வைப்பார்? கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துப் பேசினால், அதை மலிவு சாமானில் ஈடுகட்டத் தோன்றும். நியாயமான கூலியை அன்றே கொடுங்கள். அவசர நாளில் அவர் உங்கள் வண்டியை முதலில் எடுப்பார்.

பண்ணைக் கணக்குப் போல வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பாகம், தொகை ஆகிய ஐந்தும் போதும். ஒரே பாகம் ஆறு மாதத்தில் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தால் நோட்டே காட்டிக்கொடுக்கும்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் பில்லோடு போய் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாவிட்டால் வாதாடுவது கடினம். அதனால் சின்னத் தொகைக்கும் பில் வாங்குங்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: என்னிடம் பழைய எக்ஸெல் சூப்பர் இருந்தது. இப்போது எக்ஸெல் 100 வாங்கியிருக்கிறேன். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழையது டூ ஸ்ட்ரோக். 2015-இல் வந்த எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். ஆயிலை என்ஜினில் தனியாக ஊற்றி, கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். இப்போதும் கலக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் அந்த வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நேற்றுவரை ஓடிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. படப்புக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறேன். ஒயரிங் முழுவதும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டியில் எலி ஒயரைக் கடிப்பது சகஜம். சீட்டையும் பக்க மூடியையும் கழற்றி, கடித்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு ஒயர் என்றால் அதை மட்டும் சரிசெய்து உறையிட்டால் போதும். பல இடத்தில் கடித்திருந்தால் முழுதாக மாற்றுவதே நல்லது. இனி வண்டியைப் படப்பை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். தீவனம், தானியம் ஏற்றிய பிறகு சிந்தியதைத் தட்டிவிடுங்கள்.