விழித்திருக்கும்போதே பல்லைக் கடிக்கிறோமே, ஏன்?

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சற்றுக் கவனியுங்கள்.

வாய் மூடியிருந்தாலும் பற்களுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் அவை சந்தித்தால் போதும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் தோணியைக் கம்பில் கட்டும் கயிற்றை நினைத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் தோணி நீரோடு ஏறி இறங்கும். இறுக்கிக் கட்டினால் ஒவ்வோர் அலைக்கும் கயிறு நோகும், கம்பு ஆடும். தாடைத் தசைதான் அந்தக் கயிறு, பல்தான் கம்பு.

இறுக்குவது யார்? மூளைதான். கவலையிலும் ஆழ்ந்த கவனத்திலும் அது உடலைத் தயார்நிலையில் நிறுத்தும். தோளோடு தாடையும் இறுகும். போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட மண் மட்டக்களப்பு. நெடுநாள் அச்சத்தைச் சுமந்த உடல், ஆபத்து நீங்கிய பிறகும் அந்த நிலையிலிருந்து எளிதில் இறங்காது.

நித்திரைக்கு என்ன பங்கு? இரவில் நறநறவெனக் கடிப்பது வேறு வகை. மூளை சில நொடிகள் அரைவிழிப்புக்கு வரும்போது பெரும்பாலும் நிகழ்வது. ஆனால் நித்திரை கெட்டால் மறுநாள் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் பகலிலும் தாடை இறுகும். கோப்பி, மது, புகை மூன்றும் இரவுக் கடிக்குத் துணைபோகின்றன.

என்ன செய்யலாம்? கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் உதடுகளைச் சேர்த்து, பற்களை விலக்கி, தாடையைத் தளர்த்துங்கள். காலையில் தாடை வலியோ, பல் தேய்வோ, உரத்த குறட்டையோ இருந்தால் பல் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பல்லைக் காக்க உறை உண்டு. குறட்டைக்குப் பின்னால் மூச்சுத்தடை இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.