செடி வாடினால் பிளீச்சிங் பவுடர் மீது பழி போடலாமா?



திருத்தணி மலையைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் வாசலில் ஒரு செடிகூட இல்லாத வீடு குறைவு. செம்பருத்தி, மல்லி, துளசி, கறிவேப்பிலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். சில சகோதரிகள் குழுக் கடனில் தொட்டியும் மண்ணும் வாங்கி, பூவைத் தொடுத்து மலையடிவாரத்தில் விற்று நாலு காசு பார்க்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி வரும் நாட்களில் பூவுக்கு நல்ல கிராக்கி. எனவே செடி வாடினால் அது வீட்டு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல, தவணை கட்டும் பணமும் வாடுகிறது.

கோடையில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பும் கடன் கணக்கும் எழுதி முடித்ததும் ஒரு சகோதரி எழுந்து, "டேங்குல பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுறாங்க மேடம், செடியெல்லாம் கருகிப் போச்சு" என்றார். இன்னும் நாலு பேர் "ஆமா, எங்க வீட்டுலயும்தான்" என்றார்கள். "இனிமே பிளீச்சிங் போடக்கூடாதுன்னு ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுங்க" என்று தீர்மான நோட்டும் திறந்தாகிவிட்டது. எங்களுக்குப் பகீரென்றது. "ஒரு வாரம் பொறுங்க, முதல்ல செடிகளைப் பார்த்துட்டு வருவோம்" என்று கேட்டுக்கொண்டோம்.

வீடு வீடாகப் போனபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, கருகியவை எல்லாம் தொட்டிச் செடிகள். அதே குழாய்த் தண்ணீர் ஊற்றியும் தரையில் நட்ட கறிவேப்பிலையும் முருங்கையும் நன்றாகவே இருந்தன. இரண்டு, வாடிய தொட்டிகளின் மண் மேலும் விளிம்பிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. மூன்று, பல தொட்டிகளின் அடியில் ஓட்டை இல்லை, அல்லது மண் அடைத்துக் கிடந்தது. குற்றவாளி பிளீச்சிங் பவுடர் என்றால் தரையில் உள்ள செடியும் வாடியிருக்க வேண்டும் அல்லவா?

பிளீச்சிங் பவுடர் செடியை என்ன செய்யும்?

பிளீச்சிங் பவுடரிலிருந்து வருவது குளோரின். தண்ணீரில் உள்ள கிருமிகளைக் கொல்வது இதுதான். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. இந்தக் கொஞ்சம் குளோரின் மண்ணில் பட்டதும் அங்குள்ள எருவோடும் மக்கோடும் சேர்ந்து தன் வீரியத்தை இழந்துவிடும். வேர் வரை போய்க் கருக்கும் அளவுக்கு அதில் பலம் இல்லை.

தொட்டி கழுவிய அன்று தண்ணீரில் மருந்து வாடை பலமாக அடிக்கும். நாற்றுக்கும் இளங்கீரைக்கும் அது ஆகாது என்று பயமாக இருந்தால், அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் காற்றோடு போய்விடும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தபின் வாளி அடியில் தங்கும் சுண்ணாம்புக் கசடை மட்டும் செடிக்குக் கொட்ட வேண்டாம், அது மண்ணைக் கெடுக்கும்.

அப்படியானால் செடியைக் கருக்குவது எது?

தண்ணீரில் கரைந்துள்ள உப்புதான். எங்கள் பக்கம் பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாறையோடு நாட்கணக்கில் ஊறி, சுண்ணாம்பு, மெக்னீசியம், சோடியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பல இடங்களில் உப்பு இன்னும் கூடுகிறது. பருப்பு வேகாமல் படுத்துவதும், சோப்பு நுரைக்காததும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவதும் இதனால்தான்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. பரிசோதனைச் சீட்டில் 'குளோரைடு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பிளீச்சிங் பவுடர் அதிகம் என்று நினைக்கிறோம். குளோரைடு என்பது உப்பு, குளோரின் என்பது கிருமிநாசினி. குளோரின் திறந்து வைத்தால் போய்விடும். உப்பு எத்தனை நாள் வைத்தாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கரைந்த உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்பார்கள். குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்று தர அளவு சொல்கிறது. நம் தண்ணீரில் 1500 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால், ஒன்றரை கிராம் உப்பு. தண்ணீரைச் செடி குடிக்கும், மீதியை வெயில் குடிக்கும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் ஒரு மாதத்தில் 45 கிராம், அதாவது ஒரு கைப்பிடி உப்பு சேர்ந்துவிடும். கைப்பிடி உப்பை நாமே கொண்டுபோய் மல்லிச் செடிக்குப் போடுவோமா? தரையில் மண் ஆழமாக இருப்பதால் மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் தரைச் செடி தப்பிக்கிறது.

செடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகினால் பெரும்பாலும் உப்பு. புதிதாக வரும் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் சுண்ணாம்புத் தன்மை கூடிவிட்டது என்று பொருள். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை.

என்ன செய்யலாம்?

1. தொட்டி அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு வைத்து மண் நிரப்புங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

2. மாதம் ஒரு முறை, அடியிலிருந்து தாராளமாக வடியும் வரை மெதுவாக நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். மேலே படிந்த வெள்ளை மண்ணை முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

3. மழைத் தண்ணீரைப் போல மருந்து வேறில்லை. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது நினைவிருக்கும். கூரைத் தண்ணீரில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் செடிக்கு ஆகும். மழை நாளில் தொட்டிகளை வெளியே வையுங்கள், உப்பு தானே இறங்கும்.

4. மண்ணோடு மக்கிய எரு அல்லது மண்புழு உரம் கலந்து, மேலே காய்ந்த இலையைப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், தண்ணீர் குறைவாக ஊற்றினால் போதும். தென்னை நார்க்கழிவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு உண்டு.

5. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம். வந்த தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். வாசல் கழுவ, பாத்ரூமுக்குப் பயன்படுத்துங்கள்.

6. மல்லிச் செடியில் இளம் இலை மஞ்சளானால், அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒரு முறை, இலை பச்சையாகும் வரை தெளிக்கலாம்.

7. தண்ணீருக்கு ஏற்ற செடியை வையுங்கள். கொத்தவரை, பருப்புக்கீரை உப்பைத் தாங்கும். பீன்ஸ், எலுமிச்சை, ரோஜா தாங்காது.

மனு என்ன ஆயிற்று?

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். "அப்போ பிளீச்சிங் போடலாமா?" என்று கேட்டார் அதே சகோதரி. போடாவிட்டால்தான் ஆபத்து என்று சொன்னோம். வாந்தி பேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் கெட்ட தண்ணீரால் பரவுபவை. ஒரு தொட்டி மல்லி போனால் வேறு பதியன் போடலாம். குழந்தைக்குப் பேதி கண்டு உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-லேயே ஊர் முழுவதற்குமான குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து மற்ற நகரங்களும் பின்பற்றின.

கடைசியில் மனு மாறியது. பிளீச்சிங் பவுடரை நிறுத்தச் சொல்லவில்லை. சரியான அளவில், தவறாமல் போடவும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பரிசோதித்துச் சொல்லவும் கேட்டார்கள். மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் உண்டு. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று உள்ளது. அந்த ஐந்து பேர் ஏன் நம் குழுவிலிருந்து வரக்கூடாது?

சகோதரிகளே, இந்த மாதக் கூட்டத்துக்கு வரும் முன் உங்கள் தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மண் மேல் வெள்ளை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள், தீர்மான நோட்டில் எழுதுவோம்.