அன்று அட்டையில், இன்று கோப்புக்குள்

மதுரை மாவட்டம், மேலூர் வட்டத்துத் திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். ஊரை ஒட்டிய குன்றின் குகைத்தளத்தில் இரண்டு தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த எழுத்துகள் சொல்வது, குகையில் வேலை செய்வித்தவர் யார் என்பதைத்தான். பெயரைப் பொருளின் மேலேயே வெட்டியதால் அது பொருளோடு நின்றது. ஆனால் அதே ஊர்க்காரர் அருளிய திருவாசகம் ஒலிப்பதிவாகக் கைமாறியபோது, பாடியவரின் பெயர் பாட்டோடு போகவில்லை.

அன்று

கேசட் காலத்தில் விவரமெல்லாம் அட்டையில் இருந்தது: பாடியவர், பதிக வரிசை, ஏ பக்கம், பி பக்கம். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவர்கள், கோடு போட்ட தாளில் கையால் எழுதி டப்பாவுக்குள் மடித்து வைத்தார்கள். அட்டை தொலைந்தால் பெயரும் தொலைந்தது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும்?

எம்பி3 வந்தபோது 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு வழி கண்டார். கோப்பின் கடைசி 128 பைட்டில் பாட்டின் விவரத்தை எழுதிவிடலாம் என்றார். அதுதான் ஐடி3. தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்துக்கு இது பெரும்பாலும் போதும். தமிழுக்கோ இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ‘திருவாசகம்’ சரியாக 30 பைட். ‘திருவாதவூர்’ 33 பைட். கடைசிப் புள்ளி வெளியே நிற்கும். இசை வகைகளுக்கென்று தந்த 80 பெயர்களில் காஸ்பல் இருந்தது. திருமுறைக்கோ கர்நாடக இசைக்கோ இடமில்லை.

தமிழ் எழுத்தும் அப்போது ஒரே முறையில் இல்லை. டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் பல. ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்த பெயர், இன்னொன்றில் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தது.

இன்று

அந்தத் தடைகள் நீங்கிவிட்டன. 1999 பிப்ரவரியில் வந்த ஐடி3-யின் 2.3 பதிப்பு யூனிகோடை ஏற்றது. 30 பைட் எல்லையும் அதில் கிடையாது. இந்த விவரங்களை எழுத எம்பி3டேக், கிட்3, மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்று விலையில்லாமல் கிடைக்கும் கருவிகள் பல. பிக்கார்ட், ஒலியின் கைரேகையை வைத்தே பாட்டை அடையாளம் காண முயலும். ஆனால் அந்தப் பாட்டைத் தரவுத்தளத்தில் யாராவது முன்பே பதிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் வாட்ஸ்அப்பில் வரும் பதிகம் தேதியும் எண்ணும் மட்டுமே கொண்ட கோப்பாகத்தான் வந்து சேருகிறது. கருவி இருக்கிறது, அதை நம் பாட்டுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேடுதான் கைக்கு வரவில்லை. மேலைநாட்டு ஆல்பத்தை மனத்தில் வைத்து எழுதிய விளக்கம், திருவாசகத்தின் முன் திணறிவிடும். ‘கலைஞர்’ என்ற கட்டத்தில் மாணிக்கவாசகரை எழுதுவதா, ஓதுவாரை எழுதுவதா? விடை எளிது. பாடியவர் கலைஞர், மாணிக்கவாசகருக்குப் பாடலாசிரியர் என்று தனிப் புலமே உண்டு. தேவாரமானால் பண்ணின் பெயரும் வேண்டும். பயனர் தாமே பெயரிட்டுச் சேர்க்கும் புலத்தில் அதை எழுதலாம். வகை என்ற இடத்தில் அந்த 80 பெயர்ப் பட்டியலை விட்டு, ‘திருமுறை’ என்றே எழுதலாம்.

நல்ல கையேடு இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். மொத்தமாகத் திருத்துமுன் நகல் எடுத்து வையுங்கள். பழைய பிளேயர்களுக்கு ஐடி3-யின் 2.4 பதிப்பைவிட 2.3 பதிப்பே ஒத்துவரும். கார் பிளேயரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிடாதீர்கள். அங்கே தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். இவை சின்னச் சின்னக் குறிப்புகள்தான். ஆனால் கோயில் அலுவலகத்தில் பென்டிரைவோடு உட்கார்ந்திருப்பவருக்கு இவைதான் வேண்டும்.

இது முடியாத வேலையல்ல. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே கற்றுத் தந்து வழி காட்டியிருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்தான் கையேடு எழுத வேண்டும் என்பதில்லை. கருவியை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்து, அடுத்தவர் எங்கே தடுமாறுவார் என்று அறிந்தவர் போதும்.

உங்களிடம் ஓர் ஓதுவாரின், ஒரு நாகஸ்வரக்காரரின், ஊர்த் திருவிழாவில் பாடிய ஒருவரின் பதிவு இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கோப்புக்குள் எழுதிவிடுங்கள். எழுதிய முறையைத் தமிழில் ஒரு பக்கமாக்கி நாலு பேருக்குக் கொடுங்கள். பாடியவர் உயிரோடு இருக்கும்போதே, அவரிடமே கேட்டு இதைச் செய்யுங்கள்.