உங்கள் நிரல் நண்பனின் கணிப்பொறியில் ஓடுமா?

பள்ளி மழைமானியில் நாள்தோறும் பதிவாகும் அளவுகளைக் கூட்டிச் சராசரி காண ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணிப்பொறியில் விண்டோஸ். நண்பனிடம் இருப்பதோ லினக்ஸ். அனுப்பினால் அங்கும் ஓடுமா?

சி மொழியில் எழுதி, கம்பைலர் மூலம் இயந்திர மொழிக்கு மாற்றிய கோப்பை அனுப்பினால் நேராக ஓடாது. விண்டோஸுக்கென்று அமைந்த கோப்பு லினக்ஸுக்கு விளங்குவதில்லை. ஸ்கிரிப்ட் மொழிகளில் நாம் அனுப்புவது வெறும் எழுத்துகளே. அவற்றைப் படித்து அந்தந்தப் பொறிக்கேற்ப நிறைவேற்றும் இன்டர்பிரிட்டர், ஒரு துபாஷியைப் போல, பெறுபவரின் கணிப்பொறியிலேயே இருக்க வேண்டும். ஆகவே, 'எது சிறந்த மொழி?' என்று கேட்பதைவிட, 'அவரிடம் எந்தத் துபாஷி இருக்கிறார்?' என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் பைதானைப் பார்ப்போம். நெதர்லாந்தைச் சேர்ந்த கிடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி இது. பெரும்பாலான லினக்ஸ் பொறிகளில் முன்பே இருக்கும். விண்டோஸில் நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். ஆனால் துபாஷி இருந்தால் மட்டும் போதாது. அவர் எந்தக் காலத்தவர் என்றும் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் 7 மில்லிமீட்டர் மழை பெய்தது. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைதான் 2 தரும் விடை 3! முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது பின்னத்தை விட்டுவிடுவது அதன் வழக்கம். 2008-இல் வந்த பைதான் 3 தரும் விடை 3.5. பிழைச் செய்தி ஏதும் வராது. ஓடாமல் நின்றுவிடும் நிரலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதுவோ ஓடுகிறது, நாமும் விடையை நம்பி அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவோம் அல்லவா? பைதான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் நாள் முடிந்துவிட்டது. எனினும் பழைய பொறிகளில் அது தங்கியிருக்கக்கூடும்.

நண்பனின் தங்கையிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறதா? அப்படியானால் ஜாவாஸ்கிரிப்ட்தான் வழி. இதன் துபாஷி ஏறத்தாழ எல்லாப் பிரௌசர்களுக்குள்ளும் குடியிருக்கிறார். 1995-இல் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் ஆக்கினார். விசித்திரங்களும் உண்டு. கட்டத்தில் தட்டும் 7, 2 இரண்டையும் பிரௌசர் எழுத்துகளாகவே தருகிறது; அப்படியே கூட்டினால் 9 வராது, 72 வரும்! முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு கருதி, உங்கள் வட்டிலுள்ள கோப்புகளைத் தானாகத் திறக்கவும் பிரௌசர் இடம் தராது.

அளவுகளைத் தட்டிச் சராசரி காண்பதற்கு நான் ஜாவாஸ்கிரிப்டையே எடுப்பேன். பல மாதக் கோப்புகளை வரிசையாகப் படிக்க வேண்டுமானால் பைதான். அப்போது கோப்பின் பெயரில் கவனம் தேவை. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றே, லினக்ஸுக்கு வெவ்வேறு. நிரலில் ஒருவிதமாகவும் கோப்பில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தால், உங்கள் வீட்டில் திறந்த கோப்பு நண்பன் வீட்டில் 'இல்லை' என்று வரும். தமிழில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை!