பால் டின்னில் பார்த்த நாடு

நம்மில் பலருக்கு நெதர்லாந்து முதலில் அறிமுகமானது பாடநூலில் அல்ல, சமையலறையில்தான். டச்சு லேடி பால் டின்னில் வெள்ளைத் தொப்பியோடு நிற்கும் பெண்தான் நாம் பார்த்த முதல் டச்சுக்காரர். பிறகு நாட்காட்டியில் ஒரு காற்றாலையும் வரிசை வரிசையாகத் துலிப் மலர்களும் வந்தன. பள்ளிச் சுற்றுலாவில் மலாக்காவின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தோம். ஹாலந்து என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று ஜுருவில் படிக்கும் ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். இவற்றைத் தாண்டிப் பதில் வருவது அரிது.

இந்தப் படங்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அவை பாதிக் கதையோடு நின்றுவிடுகின்றன. மீதிக் கதைக்கு, இந்தப் படம் எடுக்கப்படுவதற்கு முன்பு இங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொரு படத்திடமும் கேட்க வேண்டும்.

பச்சைப் புல்வெளியில் கறுப்பு வெள்ளை மாடுகள் மேயும் படத்தையே எடுத்துக்கொள்வோம். நன்றாக உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் வேலி இருக்காது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான வாய்க்கால்கள்தான் வயலையும் வயலையும் பிரிக்கும். அந்த நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்பாகவோ ஏரியாகவோ இருந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் விமானம் இறங்கும் ஸ்கிப்போல் விமான நிலையமே ஓர் ஏரியின் அடித்தரைதான். 1849 முதல் 1852 வரை நீராவி இயந்திரங்களைக் கொண்டு அந்த ஏரியின் நீரை இறைத்து வெளியேற்றினார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவை காற்றாலைகள். காற்றாலை என்றதும் மாவு அரைப்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் கிண்டர்டைக் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகள் தண்ணீர் இறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. தாழ்ந்த வயலில் தேங்கும் நீரை அவை மேலே ஏற்றிவிடும். 1997இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

காற்றாலையை நிறுத்தி வைக்கும் விதத்துக்கும் ஒரு மொழி உண்டு. ஓர் இறக்கை அடிப்புள்ளியைத் தொடுவதற்குச் சற்று முன்பாக நிறுத்தினால் மகிழ்ச்சி. அதைச் சற்றுத் தாண்டி நிறுத்தினால் துக்கம். 2014 ஜூலை 17ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் உக்ரேன் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் இறந்தனர். அவர்களில் 196 பேர் நெதர்லாந்து நாட்டவர், 43 பேர் மலேசியர். ஜூலை 23ஆம் நாளைத் தேசியத் துக்க நாளாக நெதர்லாந்து அனுசரித்தபோது காற்றாலைகளின் இறக்கைகளைத் துக்க நிலையில் நிறுத்தி வைத்தார்கள். அந்த நாளில் எடுத்த காற்றாலைப் படத்தை நாட்காட்டிப் படத்தோடு கலந்து வைத்தால் பலருக்கு வேறுபாடு தெரியாது. தெரிந்தவர்களுக்கோ அதில் நம்மவர்களின் துக்கமும் சேர்ந்து தெரியும்.

நாட்காட்டியில் வராத இன்னொரு வகைப் படங்களும் உண்டு. 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவு புயலும் கடல் ஏற்றமும் சேர்ந்து, தென்மேற்குக் கரையின் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. மறுநாள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் கூரைமேல் மனிதர்கள், தண்ணீரில் செத்து மிதக்கும் மாடுகள், படகில் போர்வை சுற்றிய குழந்தைகள். நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டனர்.

அதன் பிறகு கடல் முகத்துவாரங்களை அடைக்கும் மாபெரும் திட்டம் தொடங்கியது. கிழக்கு ஸ்கெல்ட் என்ற முகத்துவாரத்தையும் முழுவதுமாக அடைத்துவிட வேண்டும் என்றுதான் முதலில் முடிவெடுத்தார்கள். அடைத்தால் உப்புநீர் வராது, சிப்பிகள் அழியும், எங்கள் பிழைப்பு போகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1970களில் அரசு திட்டத்தை மாற்றியது. சாதாரண நாள்களில் திறந்தும் புயல் நேரத்தில் மூடியும் வைக்கக்கூடிய 62 கதவுகளோடு 1986இல் அந்தத் தடுப்பு திறக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தக் கட்டுமானம், சிப்பி பிடிப்பவர்கள் விட்டுக்கொடுக்காததால் அந்த உருவம் பெற்றது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோலா ஜுருவின் நினைவுதான் வந்தது. அதே 1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவுகளால் சுங்கை ஜுரு கெட்டு மீன்வளம் குன்றியபோது, அங்குள்ள மீனவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் துணையோடு குரல் கொடுத்தார்கள். கெராங் வளர்ப்பில் இறங்கிப் பிழைப்பைக் காக்கப் பார்த்தார்கள். நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த கதை இது. நம்மில் எத்தனை பேரிடம் அதன் ஒரு படமாவது இருக்கிறது? 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் படங்களாவது யாருடைய பழைய கைப்பேசியிலாவது இருக்கும்.

அடுத்தது மிதிவண்டி. மழையிலும் குளிரிலும் பிள்ளைகள் கூட்டமாக மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் படத்தைப் பார்த்தால், அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான் என்று தோன்றும். உண்மையில், 1960களில் அங்கும் கார்கள் பெருகி, மிதிவண்டி ஓட்டுவோர் குறைந்துகொண்டே வந்தார்கள். அக்காலத்து ஆம்ஸ்டர்டாம் படங்களில் சதுக்கமெல்லாம் கார் நிறுத்துமிடமாக இருக்கும். 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தார்கள். வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் குடும்பம் குடும்பமாக மிதிவண்டி ஓட்டும், சக்கரக் காலணியில் சறுக்கும் படங்கள் அப்போது எடுத்தவை. தனி மிதிவண்டிப் பாதைகள் நாடெங்கும் பரவியது அதற்குப் பிறகு. காலை ஏழு மணிக்கு ஜுரு டோல் சாவடிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்குப் போகிறவர்கள் இந்த வரலாற்றை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம்.

வீட்டுக்குள் எடுத்த படங்கள் வேறு வகை வேடிக்கை. மாலையானாலும் பல வீடுகளில் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை. பிறந்தநாள் நாட்காட்டியைக் கழிவறையில் மாட்டி வைப்பார்கள், தினமும் கண்ணில் படும் அல்லவா! காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் துருவல் தூவிச் சாப்பிடுவார்கள். பேரங்காடி அடுக்கில் சம்பாலும் நாசி கோரெங்கும் இருக்கும். இந்தோனேசியாவை நீண்ட காலம் ஆண்டதன் மிச்சம் அது. நாம் அன்றாடம் சொல்லும் 'டூயிட்' என்ற மலாய்ச் சொல்லும் ஒரு பழைய டச்சு நாணயத்தின் பெயர்தான்.

இனி மலாக்கா. டச்சுச் சதுக்கத்தில் நின்று நாம் எல்லாரும் எடுக்கும் படத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு, டச்சுக்காரர்கள் பூசியது அன்று. அவர்கள் காலத்தில் ஸ்டாட்ஹைஸ் கட்டடம் வெண்மையாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1911இல்தான் சிவப்புச் சாயம் வந்தது. ஆக, நாம் 'டச்சு' என்று நினைத்துப் படம் பிடிப்பது ஆங்கிலேயர் அடித்த வண்ணத்தை!

1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் பழவேற்காடு அவர்களிடம் இருந்தது. 1658இல் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போனது. அங்கிருந்து துணி வந்தது. பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட தமிழர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களைப் பற்றிச் சதுக்கத்தில் படம் எடுக்க எதுவும் இல்லை. ஆனால் சதுக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து சற்று நடந்தால், ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் இருக்கிறது. டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்கா செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டி எழுப்பிய கோவில் அது. அதே 1781இல்தான் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இன்று நெதர்லாந்தின் வடமேற்கில், டென் ஹெல்டர் துறைமுக நகரிலும் ஒரு விநாயகர் கோவில் உண்டு. அதைக் கட்டியவர்கள் போருக்குத் தப்பிப் போன ஈழத் தமிழர்கள்.

படம் எடுப்பதில் ஆர்வம் உள்ள மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு பெயர், யாக்கோப் ஓலி. 1834இல் பிறந்தவர், ஆம்ஸ்டர்டாமில் தொழிற்பள்ளி ஆசிரியர். 1860களில் அவர் எங்கோ போய் அழகைத் தேடவில்லை. தன் வீட்டைச் சுற்றியுள்ள தெரு, படகு கட்டும் இடம், அண்டை வீட்டார் ஆகியவற்றையே படம் எடுத்தார். பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நிறுத்திவிட்டு, 1890களில் மறுபடியும் கேமராவைத் தூக்கினார். அதற்குள் நகரம் மாறியிருந்தது. அவர் எடுத்த படங்களை ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தின் இணையத் தளத்தில் இன்று யாரும் பார்க்கலாம். எந்தத் தெரு, எந்த ஆண்டு என்ற குறிப்பும் அங்கே உண்டு.

இந்த வார இறுதியில் கோலா ஜுரு படகுத் துறைப் பக்கம் போகிறவர்கள், கைப்பேசியில் எடுக்கும் படத்தின் கீழே தேதியையும் இடத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். அங்குள்ள பெரியவர் யாரிடமாவது, முன்பு இங்கே என்ன இருந்தது பாக்சிக் என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.