பூட்டிய கோப்பும் புரட்டாத பாடமும்

உலகத்தை இந்தியக் கண்ணால் பார்க்கும் நிபுணர்கள் வேண்டும். சுதந்திர இந்தியாவின் இந்தத் தேவையிலிருந்து 1955இல் டெல்லி சப்ரு ஹவுஸில் பிறந்தது இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளி. முதல் இயக்குனர் ஏ. அப்பாதுரை. 1970இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்கே சர்வதேச உறவுகளில் டாக்டர் பட்டம் பெற்ற எஸ். ஜெய்சங்கர் 2019இல் வெளியுறவு அமைச்சரே ஆனார்.

பட்டங்களுக்குக் குறைவில்லை. தட்டுப்பாடு மூலப்பொருளுக்குத்தான்.

1962 சீனப் போரில் நேர்ந்த தோல்வியை ராணுவத்துக்காக ஆராய்ந்தவர்கள் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரேம் பகத் என்ற இரு அதிகாரிகள். அறிக்கை தயாரானது 1963இல். ஆனால் 2010இல்கூட அதை வெளியிட முடியாது என்று நாடாளுமன்றத்தில் கைவிரித்தார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் ஒரு பகுதியை அம்பலப்படுத்தியவர் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர்!

பழைய ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப 1993இலேயே சட்டம் வந்தது. கோப்புகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் 'ரகசியம்' என்ற முத்திரை விழுந்தவை நகர்வதில்லை. அமெரிக்காவிலோ, வெளியுறவு ஆவணங்களை 30 ஆண்டுகளுக்குள் தொகுத்து வெளியிட வேண்டும் என்று 1991இல் சட்டமே இயற்றினார்கள்.

விளைவு? டெல்லி எடுத்த முடிவுகளை அறிய இந்திய மாணவர் வாஷிங்டன், லண்டன் ஆவணங்களைப் புரட்டுகிறார். அவற்றில் இருப்பது அந்நியத் தூதர்கள் எழுதிய இந்தியா. சொந்தக் கண்ணால் உலகைப் பார்க்கப் பிறந்த துறை, சொந்த நாட்டையே இரவல் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.