‘வாயாடி’ என்று பெயர் வைத்துக்கொண்ட மாணவியர்

வகுப்பில் ஓயாமல் பேசும் மாணவியை ‘வாயாடி’ என்கிறோம். அதே அளவு பேசும் மாணவனுக்குப் பெரும்பாலும் ‘துறுதுறுப்பானவன்’ என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. இந்தோனேசியாவில் மூன்று பள்ளி மாணவியர், ‘வாயாடி’ போன்ற ஒரு சொல்லையே தங்கள் இசைக்குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். ‘வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட்’ என்பது அந்தக் குழுவின் பெயர். மேற்கு ஜாவாவில் பேசப்படும் சுண்டா மொழியில் ‘பாச்செப்ரோட்’ என்றால் சத்தம் போடுவது, ஓயாமல் பேசுவது என்று பொருள்.

ஆலோசனை அறையில் தொடங்கிய இசை

காருட் மாவட்டத்தின் சிங்கஜயா என்ற கிராமப்புறப் பகுதியில் உள்ள மதரசா நடுநிலைப் பள்ளியில் 2014இல் இக்குழு உருவானது. ஃபிர்தா மார்ஸ்யா குர்னியா பாடியபடி கிதார் வாசிக்கிறார். விதி ரஹ்மாவதி பேஸ் கிதாரும், சித்தி ஐஷா டிரம்ஸும் வாசிக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஏறத்தாழ 14.

அடங்காத பிள்ளைகள் என்று பெயர் வாங்கிய இவர்கள், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார்கள். ‘அபா எர்சா’ என்று அழைக்கப்படும் அந்த ஆசிரியர் அவர்களை அடக்க முயலவில்லை. கலைச் செயல்பாடுகளின் பக்கம் திருப்பிவிட்டார். அவருடைய மடிக்கணினியில் இருந்த ‘சிஸ்டம் ஆஃப் எ டவுன்’ குழுவின் பாடல்கள்தாம் மெட்டல் இசைக்குள் செல்ல அவர்களுக்கு வாசலாக அமைந்தன. சொல்ல நினைத்த கோபத்துக்கு ஏற்ற ஓசை அதில் இருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

‘ஆண்களின் இசை’ என்ற எண்ணம்

ராக் இசையின் ஒரு கிளை மெட்டல். முறுக்கேறிய மின்கிதார் ஒலி, வேகமான டிரம்ஸ், உரத்த குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். உடல் வலிமை, சினம், சத்தம் ஆகியவற்றை ஆண்களுக்கு உரியவை என்று சமூகம் ஒதுக்கிவைத்ததால், இந்த இசையும் ஆண்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது.

வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகியான சிஸ்டர் ரொசெட்டா தார்ப், ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, 1940களிலேயே மின்கிதாருடன் மேடையேறியவர். அவருடைய இசையால் ஈர்க்கப்பட்ட எல்விஸ் பிரெஸ்லியும் சக் பெர்ரியும் 1986இலேயே ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். தார்ப்புக்கு அந்த இடம் 2018இல்தான் கிடைத்தது. அவர் இறந்து அப்போது ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்கள் அந்தத் துறையில் தொடக்கம் முதலே இருந்தார்கள். வரலாறு எழுதியவர்களின் கண்ணில்தான் தாமதமாகப் பட்டார்கள்.

இரண்டு பக்கத்து முன்முடிவுகள்

மூன்று மாணவியரும் ஹிஜாப் அணிந்தே மேடையேறுகிறார்கள். ஊரில், ‘பெண்பிள்ளைகள், அதிலும் ஹிஜாப் அணிந்தவர்கள், இந்த இசையை வாசிக்கலாமா?’ என்ற கேள்வி எழுந்தது. தொடக்கத்தில் குடும்பத்தினரும் தயங்கினார்கள். புகழ் வந்த பிறகு, ‘ஹிஜாப் அணிந்த பெண்களா இப்படி வாசிக்கிறார்கள்!’ என்ற வியப்பு வெளியுலகிலிருந்து வந்தது. முதலாவது தடை, இரண்டாவது பாராட்டு. ஆனாலும் இரண்டுமே இசையைக் கேட்பதற்கு முன் உடையைப் பார்க்கின்றன. தங்களை உடையைக் கொண்டு மதிப்பிடாமல் இசையைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து கூறிவருகிறார்கள்.

அவர்களுடைய பதில் பாடல்களில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ‘ஸ்கூல் ரெவல்யூஷன்’ மாணவர்களின் சுதந்திரத்தை நெருக்கும் கல்விமுறையைக் கேள்வி கேட்கிறது. 2022இல் வந்த ஒரு பாடல், இசைப்பது குற்றமாகாது என்று இறைவனிடமே முறையிடுகிறது. இன்னொன்று, பெண்ணின் உடல் பொதுச்சொத்து அல்ல என்று சொல்கிறது. 2022இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவிலும், 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் இக்குழு இசைத்தது. கிளாஸ்டன்பரி மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு இதுவே.

நம் வகுப்பறைக்கு

இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டாம். ஓர் எளிய செயல்பாட்டுடன் தொடங்கலாம். “டிரம்ஸ் வாசிக்கும் ஒருவரை வரையுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டாம். படங்களைச் சுவரில் ஒட்டி, எத்தனை ஆண், எத்தனை பெண் என்று மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள். ‘ஏன் அப்படி வரைந்தோம்?’ என்ற உரையாடல் அங்கிருந்து பிறக்கும். பிறகு சிங்கஜயா மாணவியரின் கதையைச் சொல்லலாம். மேல்வகுப்புகளில், ஒரே செயலுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் நாம் வழங்கும் வெவ்வேறு சொற்களைப் பட்டியலிடச் செய்யலாம்.

கூடவே நம் பள்ளியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அணிவகுப்பில் முரசு யார் கையில் இருக்கிறது? விழா நாளில் ஒலிபெருக்கியை இயக்குவது யார், வரவேற்புத் தட்டு ஏந்துவது யார்? இவற்றை நாம் தேர்ந்தெடுத்தோமா, வழக்கம் தேர்ந்தெடுத்ததா?

அபா எர்சா செய்தது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. மற்றவர்கள் குறையாகப் பார்த்த சத்தத்தை அவர் திறனாகக் கேட்டார். நாளை நம் வகுப்பில் ஒரு மாணவியை ‘வாயாடி’ என்று அழைக்க வாயெடுக்கும்போது, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று ஒரு நிமிடம் கேட்டுப்பார்ப்போம்.